கடலூர் வடகம், சிதம்பரம் கொத்சு

பண்ருட்டி

ஊர் வருவதற்கு முன்பே பலாப்பழ வாசனை வந்துவிடுகிறது. சாலையின் இரண்டு பக்கமும் பழங்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். பிளந்த பழத்தின் மேல் ஈரத்துணி போட்டு மூடியிருக்கிறார்கள். சித்திரை மாதம். எங்கள் கோவையில் இந்த மாதத்திலும் சாயங்காலமானால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து ஆளைத் தேற்றிவிடும். இங்கே காலை ஒன்பது மணிக்கே செம்மண்ணிலிருந்து சூடு கிளம்பி முகத்தில் அடித்தது.

நான் இறங்கியது பலாவுக்காக இல்லை, முந்திரிக்காக. சிதம்பரத்தில் என் கல்லூரித் தோழியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளை வீட்டாருக்கும் வெளியூர் நண்பர்களுக்கும் மொட்டை மாடியில் சின்னதாக ஒரு விருந்து. சமையல்காரர் கொடுத்த பட்டியலில் முதல் வரிசை முழுக்கக் கோபி மஞ்சூரியனும் பேபி கார்ன் வறுவலும்தான். தோழிக்கு மனசு ஒப்பவில்லை. “எல்லா மண்டபத்திலயும் இதேதான் தர்றாங்க. கைக்கு அடக்கமா ஒண்ணு வேணும்டி. பார்க்கவும் அழகா இருக்கணும், வாயில போட்டா இது நம்ம பக்கத்துச் சாப்பாடுன்னு தெரியணும்” என்றாள். பேசிப் பேசி, வீட்டில் போட்ட வடகத்தின் மேல் தக்காளி என்று முடிவாயிற்று. வடகம் கடலூர் முதுநகரில் இருக்கும் அவளுடைய அத்தை கையால். வடகத்துக்கும் தக்காளிக்கும் நடுவே தடவ முந்திரி விழுது. அதற்குப் பருப்பு வாங்கும் வேலை எனக்கு.

பண்ருட்டிக்குத் தெற்கே காடாம்புலியூர்ப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு முந்திரிதான். ஒரு திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னக் கத்தியின் நுனியால் ஒரு சீவல், கட்டைவிரலால் ஒரு தள்ளல், தோல் போய்விடுகிறது. பருப்பு உடைவதில்லை. ஓடு உடைக்கும் வேலை இதைவிடக் கடினம். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த வேலையில் பல வருடம் இருந்த ஒரு அம்மாவின் விரல் நுனிகள் கறுத்துக் காய்த்திருந்தன. நாம் பாயசத்தில் மிதக்கவிடும் ஒவ்வொரு பருப்பையும் இப்படி ஒரு கை தொட்டுத்தான் அனுப்பியிருக்கிறது. விலை அதிகம் என்று கடையில் முணுமுணுக்கும் முன் ஒரு தரம் இந்தத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முழுப் பருப்பைக் கையில் எடுத்த என்னை அந்த அம்மா தடுத்தார். “எதுக்கும்மா வாங்கறே?”

“அரைக்கறதுக்குங்க.”

“அரைக்கறதுக்கு முழுசு எதுக்கு? துண்டு வாங்கிக்க. வெலையில பாதி மிச்சம். ருசி ஒண்ணுதான்.”

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இந்த வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பெரிய பலா ஒன்று நிற்கிறதென்றால் அது ‘தானேக்குத் தப்பின மரம்’. முந்திரி ஒட்டுச்செடி வைத்தால் மூன்று நாலு வருடத்தில் காய்ப்புக்கு வந்துவிடுகிறது. பலாவுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். அந்த அம்மாவின் வீட்டுப் பின்புறம் இருந்த பலா இப்போதுதான் தோளுயரத்தில் காய் பிடித்திருக்கிறது. அதைக் காட்டும்போது மட்டும் அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

திருப்பாதிரிப்புலியூர்

பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு நெல்லிக்குப்பம் வழியாக வந்தேன். 1842இல் பாரி கம்பெனி தொடங்கிய சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் அது. அங்கே இறங்கவில்லை. பான்பரி மார்க்கெட்டில் தக்காளி கூட்டம் கலைவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பு.

தக்காளி விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கிணத்துக்கடவுச் சந்தையில் விடியற்காலையில் பெட்டி பெட்டியாகத் தக்காளி இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விலை விழுந்த வருடங்களில் பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் விவசாயிகள் அதைச் சாலையில் கொட்டிவிட்டுப் போனதும் தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது ஒரு பழத்தை நாலாக நறுக்கி நாலு வேளைக்கு வைத்துக்கொண்டதும் தெரியும். கடலூரில் தக்காளி அவ்வளவாக விளைவதில்லை. வெளியூர் லாரிகளை நம்பித்தான் மார்க்கெட் நடக்கிறது. ஆனாலும் ஓரத்தில் சாக்கு விரித்து உட்காரும் சுற்றுக் கிராமத்துப் பாட்டிகளிடம் நாட்டுத் தக்காளி கிடைக்கிறது. தட்டையாக, ஓரம் மடிப்பு மடிப்பாக, காம்படியில் பச்சை விட்டுப்போகாத பழம்.

பெங்களூர்த் தக்காளி என்று சொல்லும் நீள்வட்டப் பழம் தோல் தடித்தது, சதை கெட்டியானது, நறுக்கினால் சதுரம் சதுரமாக நிற்கும். புளிப்பு குறைவு. நாட்டுத் தக்காளி நறுக்கின கையோடு சாறாக ஓடிவிடும், ஆனால் ருசி அதில்தான். எங்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. வேகவைக்க நாட்டுத் தக்காளி, மேலே பச்சையாக வைக்கப் பெங்களூர்த் தக்காளி.

“என்னிக்கி விசேசம்?” என்று கேட்டார் பாட்டி. சொன்னேன். நான் பொறுக்கி வைத்திருந்த சிவந்த பழங்களை எல்லாம் கூடையில் திருப்பிக் கொட்டினார். “அதுவரைக்கும் இது தாங்காது. செங்காயாப் பார்த்து எடுத்துக்க. காம்பு கீழ இருக்கறாப்பல பரப்பி வையி. பிரிட்ஜுல மட்டும் வச்சிடாத, வாசம் செத்துடும்.” இதைச் சொல்லிவிட்டு மூன்று பழம் கூடப் போட்டார்.

பாடலீசுவரர் கோயில் கோபுரம் அங்கிருந்து எட்டிப்பார்க்கும் தூரம். கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் சுவாமிகள் கரையேறிய ஊர் என்று திருப்பாதிரிப்புலியூரைச் சொல்வது மரபு. தக்காளிப் பையோடு உள்ளே போய் ஒரு சுற்று வந்தேன். கருங்கல் தரை மட்டும் அந்த வெயிலிலும் குளிர்ந்திருந்தது.

தேவனாம்பட்டினம்

சாயங்காலம் கடற்கரைக்குப் போனேன். வெள்ளிக் கடற்கரை என்று ஊர் சொல்லும் மணல்வெளி. குழந்தைகளும் பட்டாணிச் சுண்டலும் பஜ்ஜி வண்டிகளுமாக இருந்தது. 2004 ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்துப் போனதைப் பேச்செடுத்தால் மீனவப் பெண்கள் இன்றும் கடலைப் பார்க்காமல்தான் பேசுகிறார்கள்.

பக்கத்தில் கெடிலத்தின் முகத்துவாரத்தை ஒட்டிப் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தக் கணக்கு இன்றும் ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது தெற்கே கம்பெனியின் தலைமையிடமே இதுதான்.

எனக்கு அன்று கோட்டையைவிடக் காற்றுதான் பெரிய விஷயமாகப் பட்டது. பையில் கொண்டுபோயிருந்த கோவை முறுக்கு ஒன்றை வாயில் போட்டேன். மதியம் நறுக்கென்று உடைந்த முறுக்கு, பொட்டலம் பிரித்துக் கொஞ்ச நேரத்தில் பல்லில் இழுத்தது. உப்பும் ஈரமும் கலந்த காற்று. எங்கள் ஊரில் பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிவிட்டு வரலாம். இங்கே அது நடக்காது. இந்தக் காற்றில் வடகத்தின் மேல் ஈரத் தக்காளியை வைத்து விருந்தாளி கைக்கு மொறுமொறுப்பாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற கேள்வியோடுதான் முதுநகர் போனேன்.

கடலூர் முதுநகர்

ஓ.டி. (ஓல்ட் டவுன்) என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. துறைமுகத்துக்குப் போகும் தெருக்களில் மீன் வாடை, பழைய ஓட்டு வீடுகள், தெருமுனைக்குத் தெருமுனை பூவரச மரம். அத்தை வீட்டு வாசலிலும் ஒன்று. மஞ்சள் பூவும் வாடிச் சிவந்த பூவும் திண்ணையெல்லாம் கொட்டிக் கிடந்தன.

அத்தைக்கு எழுபதை நெருங்கும் வயது. வீட்டுக்காரர் காலமான பிறகு வடகம் போட்டு விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். கூழ் வடகம், வெங்காய வடகம், குழம்புக்குத் தாளிக்கும் வடகம், மோர் மிளகாய் எல்லாம் உண்டு. ஆனால் கேட்டு வாங்கிப் போவது அவருடைய இலை வடகத்தைத்தான்.

“வாம்மா. கோயமுத்தூருல இருந்து இந்த வெயிலுக்கா வந்தே?” என்றவர், நான் உட்காருவதற்குள் வேலையைச் சொல்லிவிட்டார். இலை பறிக்க வேண்டும். பிஞ்சு இலை சூட்டில் கிழியும், முற்றிய இலை வளையாது. மூன்று விரல் அகலத்துக்கு மேல் எடுக்கக்கூடாது, ஒரு வாய்க்குள் அடங்க வேண்டும். கழுவித் துணியால் ஒற்றி, நரம்பு எடுப்பாக இருக்கும் பின்பக்கத்தில் துளி நல்லெண்ணெய் தடவி அடுக்கினோம்.

மாவு முதல் நாளே அரைத்து வைத்தது. பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, ஒரு ராத்திரி லேசாகப் புளிக்க விட்டிருந்தார். தண்ணீர் விடும் இடத்தில் தக்காளிச் சாறு விட வேண்டும் என்பது தோழியின் ஆசை. நாட்டுத் தக்காளியை வேகவைத்து, தோலும் விதையும் போக வடிகட்டி, அத்தை அதில் கால்வாசியைத்தான் சேர்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் நிறம் நன்றாக வருமே என்றேன்.

“நெறம் இப்ப வரும். எண்ணெயில போட்டா கருகிடும்மா. தக்காளியில இனிப்பு இருக்குல்ல? அரிசி பொரியறதுக்குள்ள அது தீஞ்சுடும்.”

பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், உப்பு. உப்பு மட்டும் நாக்குக்குக் கொஞ்சம் போதாதது போல இருக்க வேண்டும். ஈரம் வற்றும்போது உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது, மாவில் சரியாக இருந்த உப்பு வடகத்தில் கரிக்கும்.

விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினோம். பக்கத்து வீட்டு அக்காக்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் இலையில் ஒரு கரண்டி நுனி மாவை எடுத்து நடுவிரலால் வட்டமாக இழுக்கிறார். இன்னொருவர் இலைகளை இட்லித் தட்டில் சாய்த்து அடுக்குகிறார். ஆவி வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் மாவு கண்ணாடி போல நிறம் மாறுகிறது. உடனே எடுத்துச் சூடு ஆறுவதற்குள் இலையை உரிக்க வேண்டும். அத்தை ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பி இலையைத்தான் உரிக்கிறார், வடகத்தை இழுப்பதில்லை. நான் உரித்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பூவரசிலையின் நடு நரம்பும் கிளை நரம்புகளும் ஒன்று விடாமல் அதில் பதிந்திருந்தன. லேசான செம்மஞ்சள் நிறத்தில், இதய வடிவத்தில், ஊடே பார்க்கும் அளவு மெல்லியதாக ஒரு இலை. எந்த அச்சும் அப்படி வார்க்காது. அழகுக்கு என்று தனியாக எதுவுமே செய்ய வேண்டாம் என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது.

மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்திருந்தார்கள். முதலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம் பரப்பினோம். எடுத்த எடுப்பில் வெயிலில் போட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து, உள்ளே ஈரம் நின்று, வடகம் விரிசல் விடும். நிழலில் ஓரம் லேசாக மேலே சுருண்ட பிறகு வெயிலுக்கு நகர்த்தினோம். அந்தச் சுருளலை அத்தை வேண்டுமென்றேதான் விட்டார். தக்காளி வழியாமல் நிற்க அதுவே வரம்பு.

நடுப்பகலுக்கு முன்பே எல்லோரும் மாடியேறிவிட்டார்கள். “கடக்காத்து ஏறிடுச்சு, எடுங்க எடுங்க” என்று குரல் பக்கத்து மாடிகளிலும் கேட்டது. கோவையில் நாள் முழுக்க வடகத்தை வெயிலில் விட்டுவிட்டு மறந்துபோகலாம். கடலோரத்தில் வடகத்துக்குக் காலை வெயில்தான். காற்று கிழக்கிலிருந்து வீச ஆரம்பித்துவிட்டால் காய்ந்ததும் நமுத்துவிடும். மறுநாளும் அதேபடி காய்ச்சல். கடைசியில் ஒன்றை எடுத்து ஒடித்தோம், சடக்கென்று இரண்டாயிற்று. அப்புறம் தகர டின்னில் அடைத்து மூடியைச் சுற்றித் துணி கட்டினார். அப்படிக் காய்ந்த வடகத்துக்குள்ளும் துளி ஈரம் மிச்சம் இருக்கும். சூடான எண்ணெயில் அது ஆவியாகி வெளியே முட்டும்போதுதான் வெந்து இறுகிய மாவு பூத்து விரிகிறது. ஒரேயடியாகச் சுண்டக் காய்ந்த வடகம் பொரியாமல் சிவக்கும்.

இவ்வளவுக்கும் அத்தை சொல்லும் விலையைக் கேட்டு வாசலில் நின்ற ஒருவர் பேரம் பேசினார். அவர் கையில் இருந்த பையில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட் இரண்டு எட்டிப்பார்த்தது. அதற்கு அவர் பேரம் பேசியிருக்க மாட்டார், அச்சடித்த விலையை அப்படியே கொடுத்திருப்பார். எனக்குக் கோபம் வந்தது. அத்தை அமைதியாக, “அந்த வெலைதான் சார்” என்று டின்னை மூடினார். அத்தை கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டுதான் அவர் போனார்.

பரங்கிப்பேட்டை

சிதம்பரம் போகும் வழியில் பு.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடம். போர்ச்சுக்கீசியர் கப்பல் கட்டி நின்ற துறை. 1781இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிய களம். இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், கப்பல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் பெரிய வீடுகளும், மாலையில் தொழுகை அழைப்பும் இருக்கும் அமைதியான ஊர்.

தோழியோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு ஆசிரியை வீட்டில் மதியச் சாப்பாடு. கொடுவா மீன் குழம்பும் இறால் தொக்கும். மீன் குழம்பில் புளியோடு தக்காளியும் கரைந்திருந்தது. தக்காளியும் முந்திரியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்ச்சுக்கீசியர் கப்பல்களில்தான் அவை நம் கரைக்கு வந்தன என்பது பொதுவாக வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது. அந்தத் துறையில் உட்கார்ந்து தக்காளியையும் மிளகாயையும் ஒரே சோற்றில் பிசைந்து சாப்பிடும்போது அது புத்தகச் செய்தியாகப் படவில்லை.

தக்காளியைச் சமையலுக்குப் பழக்கிய மெக்சிகோவில் மக்காச்சோள அடையைப் பொரித்து அதன் மேல் தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் வைத்துச் சாப்பிடுகிறார்கள், தோஸ்தாதா என்று பெயர். இத்தாலிக்காரர்கள் சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்துத் தக்காளியை வைக்கிறார்கள். எந்த மண்ணுக்குத் தக்காளி போனாலும் அந்த மண்ணின் தானியத்தை மொறுமொறுப்பாக்கி அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வடகத் திட்டத்தைச் சொன்னதும் அந்த அக்கா எழுந்து போய்க் கை நிறையத் தக்காளியோடு வந்தார். நாலாகப் பிளந்து, விதையோடு நடுச்சாற்றைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டார். சதையைக் கடுகளவாக நறுக்கி, உப்புத் தூவி, மெல்லிய துணியில் முடிந்து குழாயில் தொங்கவிட்டார். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் கீழே அரை டம்ளர் தண்ணீர் இறங்கியிருந்தது.

“இவ்ளோ தண்ணியும் உங்க வடகத்துக்குள்ளதானே போயிருக்கும்?” என்றார்.

தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். வழித்த சாற்றை நான் கொட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “அதக் கொட்டாதீங்க, அதுலதான் ருசி. சுண்டவச்சுச் சேத்துக்குங்க.” விதையைச் சுற்றிய அந்தக் குழகுழப்பில்தான் சதையைவிடக் குளூட்டமேட் பல மடங்கு அதிகம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். நாக்கில் நின்று நிறைக்கும் ருசிக்குக் காரணம் அதுதான். அக்கா அதை மீன் குழம்பில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

சிதம்பரம்

காலையில் கீழ வீதி வழியாகக் கோயிலுக்குள் போனோம். நடராஜருக்கு நிவேதனமாகும் சம்பா சாதத்தில் மிளகும் சீரகமும் நெய்யும்தான். கூடத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கொத்சு. சிதம்பரம் என்றாலே சாப்பாட்டுக்காரர்களுக்கு நினைவு வருவது இந்த ஜோடிதான். தக்காளிக்குக் கோயில் மடைப்பள்ளிகளில் பொதுவாக இடமில்லை. வீடுகளில் அந்தத் தடை கிடையாது. வெண்பொங்கலுக்குத் தக்காளி கொத்சு வைக்காத வீடு இந்த வீதிகளில் அபூர்வம்.

தோழி வீட்டுக்கு எதிர்வீட்டு மாமி கொத்சுக்குப் பேர்போனவர். வடகத்தின் மேல் வைக்க, கரண்டியிலிருந்து சொட்டாத அளவுக்குக் கெட்டியாக வேண்டும் என்று கேட்டோம். தனியா, கடலைப்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் எல்லாம் தனித்தனியாக வறுத்துக் கரகரப்பாகப் பொடித்தார். வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கடுகு தாளித்து, நாட்டுத் தக்காளியைப் போட்டு, மூடாமல் வதக்கினார். பரங்கிப்பேட்டை அக்கா காட்டியபடி துணியில் வடித்த தண்ணீரும் வழித்த சாறும் இன்னொரு அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்தன. தேன் பதத்துக்கு வந்ததும் அதையும் இதில் சேர்த்தார். நெல்லிக்காய் அளவு புளி, ஒரு துளி வெல்லம்.

“எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கறவரைக்கும் எறக்கப்படாது. பொடிய முன்னாடியே போட்டுடாதேள், அடியில பிடிச்சுண்டுடும். எறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டாப் போறும்” என்றார் மாமி. பொடி விழுந்ததும் வறுத்த தனியா வாசனை தெருவரைக்கும் போயிற்று. வாணலியில் இருந்தது கருஞ்சிவப்பாக, மினுமினுப்பாக, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்றது.

முந்திரியை ஊறவைத்துத் தேங்காயும் இஞ்சித் துண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வெண்ணெய் போல அரைத்தோம். துண்டு முந்திரிதான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பருப்பின் கொழுப்பு வடகத்தின் மேல் ஒரு படலமாக நின்று தக்காளியின் ஈரத்தைக் கொஞ்ச நேரம் தடுக்கும். கொஞ்ச நேரம்தான். மதியமே ஒன்றைச் செய்து தட்டில் வைத்துப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் ஓரம் தளர ஆரம்பித்துவிட்டது. சிதம்பரம் கடலிலிருந்து சற்று உள்ளே இருந்தாலும் பிச்சாவரம் பக்கத்துக் காற்று வீட்டுக்குள் வரத்தான் செய்கிறது.

அதனால் கீழே செய்து தட்டில் அடுக்கி மேலே அனுப்பும் வழக்கத்தை விட்டுவிட்டு, அடுப்பையே மாடிக்கு ஏற்றினோம். இந்த ஒரு முடிவுதான் விருந்தைக் காப்பாற்றியது. வடகத்தைச் சாயங்கால வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி மறுபடி டின்னில் அடைத்தோம். அத்தையே முதுநகரிலிருந்து வந்திருந்தார். எண்ணெயில் ஒரு துணுக்கைப் போட்டு அது உடனே மேலே வந்ததும் இலைகளை ஒவ்வொன்றாக விட்டார். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றரை மடங்கு விரிந்து நரம்போடு பூத்தது. ஒரு திருப்பு, எடுத்துக் காகிதத்தில் நெட்டக்குத்தலாக நிறுத்தினார், எண்ணெய் கீழே இறங்க. பெண்ணும் அவளுடைய சிநேகிதிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முந்திரி விழுதைப் பொட்டு வைப்பாள், அடுத்தவள் அரைக் கரண்டி கொத்சு, அடுத்தவள் துணியில் வடித்த பச்சைத் தக்காளி ஒரு சிட்டிகை, கடைசியில் எண்ணெயில் பொரித்த ஒற்றைக் கறிவேப்பிலை. மணப்பெண்ணே தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். கீழே வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் பேச்சே இல்லை. கையில் வாங்கிய உடனே வாயில்.

முதலில் வடகம் சடசடவென்று உடைகிறது. பிறகு முந்திரியின் வழவழப்பு, அதற்குப் பின்னால் கொத்சின் காரமும் புளிப்பும், முடிவில் பச்சைத் தக்காளியின் குளிர்ச்சி. நான் மும்பையிலும் பெங்களூரிலும் பெரிய ஓட்டல் விருந்துகளில் ரொட்டித் துண்டின் மேல் தக்காளி வைத்துத் தந்ததைச் சாப்பிட்டிருக்கிறேன். எதுவும் இதன் பக்கத்தில் வராது. இதைச் சிநேகிதம் பார்த்துச் சொல்லவில்லை. வடகம் இத்தனை காலமும் இலை ஓரத்தில் சாம்பாருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தது, நாமும் அதைத் துணை என்றே நினைத்துவிட்டோம்.

மாப்பிள்ளையின் தாத்தா ஒருவர் இரண்டாவதையும் வாங்கிக்கொண்டு, “வடகத்த இப்பவே குடுத்துட்டா நாளைக்கு எலையில என்னம்மா வைப்பீங்க?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். கோபி மஞ்சூரியன் தட்டு ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்கே வந்துவிட்டார். இது எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். தோழி அத்தையைக் காட்டினாள். “ஐப்பசியில கல்யாணம். வரவேற்புக்கு எல்லாருக்கும் இதான் குடுக்கணும். ஐநூறு எலை பண்ணித் தருவீங்களாம்மா?” என்று கேட்டார்.

அத்தை கடைசி இலையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஐப்பசியில மழைம்மா, வடகம் போட முடியாது. இப்ப சித்திரையிலயே சொல்லிடுங்க, கத்திரி முடியறதுக்குள்ள போட்டு டின்னுல அடச்சு வச்சுடறேன். கூட ரெண்டு பொம்பளைங்கள வச்சுத்தான் செய்யணும், அவங்க கூலி தனி. பாதிப் பணம் முன்னாடியே குடுத்துடணும்.”

அந்த அம்மா அங்கேயே கைப்பையைத் திறந்தார்.